இங்கிலாந்தில் உள்ளூர் கவுன்சில் குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் குறைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரோ, பிரெண்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம், மெர்ட்டன், கிராய்டன் போன்ற லண்டன் பகுதிகளிலும் இங்கிலாந்தின் பிற ஊர்களிலும் வாழும் தமிழர்கள் கவுன்சிலைப் பெரும்பாலும் வரி கட்டும் இடமாகவும் குப்பை அள்ளும் அமைப்பாகவுமே அறிந்திருக்கிறார்கள். தெருவில் தொல்லை, கடையில் தகராறு, பக்கத்து வீட்டுச் சத்தம் என்று வரும்போது அதே கவுன்சிலுக்குச் சட்டப்படியான கடமைகளும் அதிகாரங்களும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவற்றைப் பற்றி மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இங்கு சொல்லப்படும் சட்டங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடுகள் வேறு.

குற்றத்தைத் தடுப்பது காவல்துறையின் வேலை அல்லவா? கவுன்சிலுக்கு இதில் என்ன பங்கு?

குற்றம் நடந்த பின் விசாரிப்பதும் கைது செய்வதும் காவல்துறையின் வேலைதான். ஆனால் குற்றம் நடப்பதற்கான சூழல் பெரும்பாலும் காவல்துறையின் கையில் இல்லை. விளக்கு எரியாத சந்து, பூட்டு உடைந்த அடுக்குமாடி வாசல், நள்ளிரவுக்குப் பின்னும் மது விற்கும் கடை, மாலையில் போக இடமில்லாத பிள்ளைகள் ஆகிய எல்லாமே கவுன்சிலின் ஏதோ ஒரு துறையின் பொறுப்பில் இருப்பவை. அரசின் உள்துறைக்காகத் தயாரிக்கப்பட்டு 1991இல் வெளிவந்த மோர்கன் அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லி, குற்றத் தடுப்பில் உள்ளாட்சிக்குச் சட்டப் பொறுப்பு தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏழு ஆண்டுகள் கழித்து, 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டத்தில் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுதான் இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. கவுன்சில் தன் பணிகளில் எதைச் செய்தாலும் அது தன் எல்லைக்குள் குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் எப்படிப் பாதிக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அவற்றைத் தடுக்க நியாயமாகத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. இதில் 'பணிகள்' என்பது பாதுகாப்புப் பிரிவின் பணிகளை மட்டும் குறிப்பதில்லை. திட்ட அனுமதி, வீட்டுவசதி, பூங்கா, தெருவிளக்கு, உரிமம், கல்வி, சமூகப் பணி எல்லாம் அதற்குள் அடங்கும்.

இது காகிதத்தில் மட்டும் உள்ள கடமையா? நடைமுறையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. சொல்லப்போனால் சட்டம் வருவதற்கு முன்பே இப்படிப்பட்ட வேலை பலன் தரும் என்பதைக் காட்டிய இடங்கள் உண்டு. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ரோச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற கவுன்சில் குடியிருப்பு இருக்கிறது. 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகமாக இருந்தது. காவல்துறை, கவுன்சிலின் வீட்டுவசதித் துறை, தண்டனை பெற்று வெளியே இருப்போரை மேற்பார்வை செய்யும் நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை (ப்ரொபேஷன்), மின்சார வாரியம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, திருட்டுக்கு ஆளான வீட்டுக்காரர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் மட்டுமல்லாமல், பிடிபட்ட திருடர்களிடமும் விசாரித்தார்கள்.

இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒன்று, காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் மீட்டர் பல வீடுகளில் இருந்தது. அதற்குள் சேர்ந்திருக்கும் சில்லறைதான் திருடர்களின் முக்கிய இலக்கு. இரண்டாவது, ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மீண்டும் திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே காசு மீட்டர்களை மாற்றினார்கள். திருட்டுப் போன வீடுகளுக்கு உடனடியாகக் கதவு, சன்னல் பூட்டுகளை வலுப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் மட்டும் பேசி, கண்ணில் படும் எதையும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். சில மாதங்களிலேயே அந்தக் குடியிருப்பில் வீட்டுத் திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது. இதில் காவல்துறை தனியாகச் செய்திருக்கக் கூடியது மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். மீட்டரும் பூட்டும் வேறு நிறுவனங்களின் கையில் இருந்தன.

தெருவிளக்கும் அப்படித்தான். 1990களில் டட்லி, ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஆகிய ஊர்களில் தெருவிளக்குகளை மேம்படுத்திய பகுதிகளை ஆய்வு செய்தபோது குற்றம் குறைந்திருந்தது. பிற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, விளக்கு எரியாத பகல் வேளையிலும் குற்றம் குறைந்திருப்பது தெரியவந்தது. வெளிச்சம் திருடனைக் காட்டிக்கொடுப்பதோடு நிற்பதில்லை. தெருவை யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் மக்களிடம் பிறந்து, அவர்களும் வெளியே வந்து நடமாடத் தொடங்குகிறார்கள் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். எரியாத விளக்கைப் பற்றிக் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் பதிவு செய்வதைச் சின்ன வேலை என்று ஒதுக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பு என்பது என்ன?

1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பகுதியிலும் குறிப்பிட்ட அமைப்புகள் சேர்ந்து செயல்பட வேண்டும். கவுன்சில், காவல்துறை, தீயணைப்புத் துறை, நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை, அப்பகுதியின் சுகாதாரச் சேவைகளுக்குப் பொறுப்பான வாரியம் ஆகியவை அவை. இவை ஆண்டுதோறும் தங்கள் பகுதியின் குற்ற நிலவரத்தை ஆராய்ந்து, எவற்றுக்கு முன்னுரிமை என்று முடிவு செய்து, திட்டம் வகுத்து வெளியிட வேண்டும். அந்தத் திட்டத்தை உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் படிக்கலாம். அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, குற்றத் தடுப்புக்காக இந்த அமைப்புகள் ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறிக்கொள்ள வழி செய்கிறது.

எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்பது கவுன்சிலுக்கு எப்படித் தெரியும்?

வந்து சேரும் புகார்களிலிருந்துதான் முதலில் தெரிகிறது. புகார் வராத இடம் அமைதியான இடமாகவே பதிவேட்டில் தெரியும். நம் குடும்பங்கள் பல, 'ஏன் வம்பு' என்று பேசாமல் இருந்துவிடுகின்றன. அதன் விளைவாக அந்தத் தெருவுக்கு ரோந்தும் வருவதில்லை, கேமராவும் வருவதில்லை.

புகாருக்கு வெளியேயும் தகவல் உண்டு என்பதைக் கார்டிஃப் நகரம் காட்டியது. அங்கே முக அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த ஜொனாதன் ஷெப்பர்ட், அடிபட்டு வெட்டுப்பட்டு மருத்துவமனைக்கு வருவோரில் பெரும் பகுதியினரின் விவரம் காவல்துறைக்குத் தெரியாமலே போவதைக் கண்டார். அடிபட்டவர் பயத்தாலோ, யார் அடித்தது என்று தெரியாததாலோ, தன் மேலும் தவறு இருப்பதாலோ காவல்துறையிடம் போவதில்லை. ஆகவே அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் இருப்பவர்களே, வந்தவரிடம் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் அடிபட்டது என்ற கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்யப்பட்டது. பெயர் நீக்கப்பட்ட அந்தத் தகவல் காவல்துறைக்கும் கவுன்சிலுக்கும் போனது. எந்த மதுக்கூடத்தின் வாசலில், எந்தத் தெருமுனையில், எந்த நாளின் எந்த மணியில் ரத்தம் சிந்துகிறது என்பது தெரிந்ததும் ரோந்து நேரமும் வழியும் மாறின. உடைந்தால் ஆயுதமாகும் கண்ணாடிக் குவளைகளுக்குப் பதில் வேறு குவளைகள் வந்தன. சில தெருக்களில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வொன்று, ஒத்த பிற நகரங்களோடு ஒப்பிடுகையில் வன்முறையால் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோர் தொகை கார்டிஃபில் 42 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. கார்டிஃப் முறை என்ற பெயரில் இது பிற நாடுகளுக்கும் பரவியிருக்கிறது.

எங்கள் தெருவில் கேமரா வைக்கச் சொன்னால் போதாதா?

கூட்டங்களில் முதலில் எழும் கோரிக்கை இதுதான். கேமராவுக்குப் பயன் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வாகன நிறுத்துமிடங்களில் அது நன்றாகப் பலன் தருவதாகவும், நகர மையங்களில் பலன் மிகக் குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. குடித்துவிட்டுச் சண்டை போடுபவர் கேமராவைப் பார்த்து நிதானிப்பதில்லை. மேலும், பொது இடத்தில் கேமரா பொருத்தும் கவுன்சில் அதற்கு உரிய தேவை இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கென 2013ஆம் ஆண்டு முதல் அரசின் நடத்தை விதிகள் உள்ளன. வீட்டின் பின்புறச் சந்து வழியாகத் திருட்டு நடக்கும் இடங்களில் கேமராவைவிடச் சந்தின் இரு முனையிலும் பூட்டிய இரும்புக் கதவு போடுவது மேல் என்பதே என் கருத்து. லிவர்பூல் போன்ற நகரங்களில் அது பெரிய அளவில் செய்யப்பட்டது; வீட்டுத் திருட்டும் குறைந்தது.

'சமூக விரோத நடத்தை' என்று எதைச் சொல்கிறார்கள்?

பிறருக்குத் தொல்லையோ அச்சமோ மனவேதனையோ தரும் நடத்தையையும், வீடு சார்ந்த விஷயங்களில் அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் தரும் நடத்தையையும் சட்டம் அப்படி அழைக்கிறது. குழந்தை அழுவது, பகலில் சமைக்கும் மணம், ஒரு நாள் பிறந்தநாள் கொண்டாட்டம் போன்றவை இதில் சேரா. இரவு தவறாமல் அலறும் இசை, மாடிப்படியில் கஞ்சா புகைத்து வருவோரை மிரட்டுவது, ஒரே வீட்டின் சன்னலைக் குறிவைத்துக் கல்லெறிவது போன்றவை சேரும். இனத்தையோ மதத்தையோ உடற்குறைபாட்டையோ குறிவைத்து வசைபாடுவது வெறுப்புக் குற்றம். அது இதைவிடக் கடுமையாகக் கையாளப்பட வேண்டியது. புகார் சொல்லும்போது 'எங்கள் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள்' என்பதை விடாமல் சொல்லுங்கள்.

அப்படிப்பட்டவர்கள் மீது கவுன்சில் என்ன செய்ய முடியும்?

2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம் மற்றும் காவல் சட்டம், முன்பு சிதறிக் கிடந்த பல அதிகாரங்களை ஒழுங்குபடுத்தியது. முதல் படி எச்சரிக்கைக் கடிதம்தான். பெரும்பாலான தகராறுகள் அதோடும், நடுவர் ஒருவர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதோடும் முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால், 16 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ எழுத்து வடிவ எச்சரிக்கை தந்து, பின்னர் சமூகப் பாதுகாப்பு அறிவிப்பு கொடுக்கலாம். அதை மீறினால் அது குற்றம். குப்பையைத் தோட்டத்தில் குவித்து எலி பெருக விடுபவர் முதல், வாடிக்கையாளரின் ரகளையைக் கண்டுகொள்ளாத கடைக்காரர் வரை இது பொருந்தும்.

அடுத்தது நீதிமன்றத் தடை ஆணை. குறிப்பிட்ட இடத்துக்கு வராதே, குறிப்பிட்டவரை அணுகாதே என்று தடுப்பதோடு, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறு என்பது போன்ற கட்டளைகளையும் அதில் சேர்க்க முடியும். பெரியவர் ஒருவர் அதை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஒரு வீடே தொல்லையின் மையமாகிவிட்டால் மூடல் ஆணை உண்டு. தனியாக வாழும் முதியவர் அல்லது மனநலம் குன்றியவர் ஒருவரின் வீட்டைப் போதைப்பொருள் விற்பவர்கள் கைப்பற்றி, அங்கிருந்தே வியாபாரம் நடத்துவது இந்நாட்டில் பரவலாகக் காணப்படும் கொடுமை. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அப்படிப்பட்ட வீட்டை மூன்று மாதம் வரை மூடலாம். நீட்டித்தால் மொத்தம் ஆறு மாதம். அந்த வீட்டின் உண்மையான குடியிருப்பாளரை வெளியேற்றாமல், மற்றவர்கள் மட்டும் நுழையக் கூடாது என்றும் ஆணை பெற முடியும். பாதிக்கப்பட்டவரையே தண்டிப்பதாக ஆகிவிடாமல் இருக்க அந்த வழியே சரியானது.

பூங்காவில், கடைத்தெருவில் 'இங்கே மது அருந்தக் கூடாது' என்று பலகை இருக்கிறதே, அதை மீறினால் என்ன?

அது பெரும்பாலும் பொது இடப் பாதுகாப்பு ஆணை. ஒரு பொது இடத்தில் தொடர்ந்து நடக்கும் செயல் அங்குள்ளோரின் வாழ்க்கைத் தரத்தைக் கெடுப்பதாகவும் நியாயமற்றதாகவும் இருந்தால், கவுன்சில் மக்களின் கருத்தைக் கேட்டபின் இந்த ஆணையைப் பிறப்பிக்கலாம். மூன்று ஆண்டு வரை செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். மீறுபவருக்கு அந்த இடத்திலேயே 100 பவுண்டு வரையும், நீதிமன்றம் வரை போனால் 1,000 பவுண்டு வரையும் (மது தொடர்பான மீறலுக்கு 500 பவுண்டு வரை) அபராதம் என்பது 2014ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வரம்பு. மதுக் கட்டுப்பாட்டு இடத்தில் குடிப்பதே உடனே குற்றமாகிவிடாது. நிறுத்து, பாட்டிலைக் கொடு என்று அதிகாரி கேட்டும் மறுப்பதுதான் குற்றம். வெம்ப்ளியில் வெற்றிலை எச்சில் துப்புவோருக்குப் பிரெண்ட் கவுன்சில் அபராதம் விதித்து வருவது நம்மவர் பலர் அறிந்த செய்தி.

இந்த அதிகாரத்துக்கு ஒரு எல்லை வேண்டும். வீடற்றுத் தெருவில் படுப்பவர்களை விரட்டச் சில கவுன்சில்கள் இதைப் பயன்படுத்தியதைத் தொடர்ந்து, வீடின்றி இருப்பதை மட்டுமே காரணமாக்கி யாரையும் குறிவைக்கக் கூடாது என்று உள்துறை 2017இல் வழிகாட்டலைத் திருத்தியது. அதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். கையில் காசில்லாதவருக்கு 100 பவுண்டு அபராதம் போட்டால் அந்தத் தெருவில் ஒழுங்கு பிறந்துவிடாது. ஆணை நியாயமற்றது என்று கருதுபவர் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம்.

பக்கத்து வீட்டுச் சத்தத்தால் பல மாதமாகத் தூக்கமில்லை. எப்படிப் புகார் செய்வது?

முதலில் எழுதி வையுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், வீட்டில் யாருக்கு என்ன பாதிப்பு என்ற விவரங்களைத் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, அன்றன்றே எழுத வேண்டும். 'எப்போதும் சத்தம்' என்ற வரியை வைத்து அதிகாரியால் எதுவும் செய்ய இயலாது. 'செவ்வாய் இரவு 11.40 முதல் 2.15 வரை பாட்டு, பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை' என்ற வரியை நீதிமன்றத்திலும் காட்டலாம். பிறகு கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் பதிவு செய்து, குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டம் சொல்லும் அளவுக்குத் தொல்லை இருப்பதாகக் கவுன்சில் உறுதி செய்தால் அதை நிறுத்தும்படி அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். நீங்களோ தொல்லை தருபவரோ வீட்டுவசதிச் சங்கத்தின் வாடகைதாரர் என்றால் அந்தச் சங்கத்திடமும் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தமே அவர்கள் கையில் உள்ள ஆயுதம்.

புகார் செய்துகொண்டே இருக்கிறோம். யாரும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்து என்ன?

2007 அக்டோபரில் லெஸ்டர்ஷயரின் பார்வெல் கிராமத்தைச் சேர்ந்த ஒரு தாய், கற்றல் குறைபாடு கொண்ட தன் மகளோடு காருக்குள் தீ வைத்துக்கொண்டு இறந்தார். பத்தாண்டு அளவில் இளைஞர் கும்பல் ஒன்று அவர்கள் வீட்டைக் குறிவைத்துத் தொல்லை கொடுத்துவந்தது. அவர் முப்பது முறைக்கு மேல் காவல்துறையை அழைத்திருந்தார். ஒவ்வோர் அழைப்பும் தனித்தனிச் சின்ன விஷயமாகப் பார்க்கப்பட்டது. முழுச் சித்திரம் யார் கையிலும் இல்லை. காவல்துறையும் இரண்டு கவுன்சில்களும் உரிய முறையில் செயல்படாததும் தகவலைப் பகிராததும் அந்த மரணங்களுக்குப் பங்களித்தன என்று 2009இல் மரண விசாரணை ஜூரி முடிவு செய்தது.

அதன்பின் நடந்த விவாதங்களின் விளைவாக 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் உரிமை சேர்க்கப்பட்டது. அதைச் 'சமூக விரோத நடத்தை வழக்கு மறுஆய்வு' என்கிறார்கள். முன்பு 'கம்யூனிட்டி ட்ரிகர்' என்று அழைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை புகார் செய்திருந்தால் நீங்கள் அதைக் கோரலாம். ஒவ்வொரு சம்பவத்தையும் அது நடந்த ஒரு மாதத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். கோரிக்கை தகுதி பெற்றால் கவுன்சில், காவல்துறை, சுகாதாரத் துறை, வீட்டுவசதி நிறுவனம் எல்லாம் ஒரே மேசையில் உங்கள் கோப்பை வைத்துப் பார்த்து, என்ன செய்யப் போகிறோம் என்று உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். நண்பரோ உறவினரோ கவுன்சிலரோ உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம். இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் துன்பப்படும் குடும்பங்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கடை நடத்துகிறோம், மது விற்க உரிமம் இருக்கிறது. கவுன்சில் எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது?

ஓஃப்-லைசன்ஸ் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் நம்மவர் பெருமளவில் இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நான்கு நோக்கங்களைச் சொல்கிறது: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பது. கவுன்சில் உரிமம் தருவதும் நிபந்தனை போடுவதும் பறிப்பதும் இந்த நான்கை வைத்துத்தான். பக்கத்தில் இன்னொரு கடை இருக்கிறது, வியாபாரம் கெடும் என்ற வாதம் அங்கே எடுபடாது.

உங்கள் உரிமத்தின் பின்பக்கங்களில் உள்ள நிபந்தனைகளைப் படித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கேமராப் பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும், விற்க மறுத்த ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் எழுத வேண்டும், 25 வயதுக்குக் குறைந்தவராகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும், கடும் போதை தரும் பீரை விற்கக் கூடாது போன்றவை அங்கே இருக்கும். கடைசியாகச் சொன்னது 2012இல் இப்ஸ்விச் நகரில் தொடங்கிய ஒரு முயற்சிக்குப் பிறகு பல இடங்களுக்குப் பரவியது. கடையை இன்னொருவரிடமிருந்து வாங்கும்போது உரிமத்தோடு நிபந்தனைகளும் சேர்ந்தே வருகின்றன. நிபந்தனையை மீறி மது விற்பது குற்ற வழக்குக்கு உரிய செயல் என்பது புதிதாக வந்த உரிமையாளருக்குப் பல வேளைகளில் அதிகாரி கடைக்கு வந்த பிறகே தெரிகிறது.

வணிகத் தர அதிகாரிகள் 18 வயதுக்குக் குறைந்தவரை அனுப்பி மது, சிகரெட், கத்தி போன்றவற்றை வாங்க முடிகிறதா என்று சோதிப்பார்கள். வரி கட்டாத சிகரெட்டோ, 2025 ஜூன் முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் வேப்போ கிடைத்தால் உரிமமே ஆட்டம் காணும். காவல்துறையோ அதிகாரிகளோ அக்கம்பக்கத்தவரோ உரிம மறுஆய்வு கோரினால், 28 நாள் கருத்துக் கேட்டபின் கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு விசாரிக்கும். முடிவு பாதகமாக இருந்தால் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம். அந்த நிலை வருமுன், கடைவாசலில் கூட்டம் கூடித் தகராறு செய்வதையும் கடையில் திருடுவதையும் நீங்களே முன்வந்து பதிவு செய்து வந்தால், விசாரணையில் கடையின் பக்கம் பேச அந்தப் பதிவு இருக்கும்.

தங்க நகைத் திருட்டு பற்றி ஏன் அடிக்கடி எச்சரிக்கிறார்கள்?

தெற்காசியக் குடும்பங்கள் வீட்டில் தங்கம் வைத்திருக்கும் என்பது திருடர்களுக்குத் தெரியும். தீபாவளி, கல்யாண காலங்களில் காவல்துறையும் கவுன்சில்களும் சேர்ந்து எச்சரிக்கை விடுவது வழக்கம். நகைகளைப் படம் எடுத்து வையுங்கள், வங்கிப் பெட்டகம் பற்றி விசாரியுங்கள், காப்பீட்டில் தங்கத்துக்கான வரம்பைப் பாருங்கள். ஒருமுறை திருட்டுப் போனால் கிர்க்ஹோல்ட் கற்றுத்தந்ததை நினைத்து, அந்த வாரமே பூட்டை மாற்றுங்கள்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் கவுன்சிலின் கவனத்துக்கு உரியதா?

ஆம். 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பாதுகாப்பான தங்குமிடத்தில் இருக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆதரவு தரும் கடமையைக் கவுன்சில்கள் மீது வைக்கிறது. வன்முறையால் வீட்டை விட்டு வெளியேறியவருக்கு வீடற்றோர் உதவியில் முன்னுரிமை உண்டு. அடிப்பது மட்டும் வன்முறையல்ல. பணத்தையும் பாஸ்போர்ட்டையும் பிடித்து வைப்பது, ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவது, யாரோடும் பேச விடாமல் வைப்பது ஆகியவையும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வரும். உயிராபத்து உள்ளவரின் விவரத்தைக் காவல்துறை, சுகாதாரம், சமூகப் பணி, வீட்டுவசதி ஆகிய துறைகள் கூடிப் பார்க்கும் முறை 2003இல் கார்டிஃபில் தொடங்கி நாடெங்கும் வந்தது.

வாழ்க்கைத்துணை விசாவில் வந்தவர்கள், வெளியே சொன்னால் விசா போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அவர்களுக்கென்று தனியான குடியேற்றச் சலுகைகள் உள்ளன. தகுதி பெற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த அச்சத்தை உண்மை என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம். 0808 2000 247 என்ற தேசிய உதவி எண் கட்டணமின்றி எந்நேரமும் இயங்குகிறது. ஆபத்து அந்த நொடியில் இருந்தால் 999. பேச முடியாத நிலையில் கைபேசியிலிருந்து அழைத்தால், கேட்கப்படும்போது 55 அழுத்துங்கள்.

பிள்ளைகள் தவறான கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். கவுன்சிலிடம் போனால் வழக்காகிவிடுமா?

இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது 10. அதே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பகுதியிலும் சமூகப் பணியாளர், காவலர், நன்னடத்தை அதிகாரி, சுகாதார, கல்வித் துறையினர் அடங்கிய இளையோர் நீதிக் குழு இயங்குகிறது. நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகளைக் கவனிப்பதோடு, தவறும் முன் தடுப்பதும் அதன் பணி. பெற்றோர் தாமாக உதவி கேட்டு வருவது வழக்கு ஆகாது.

நகரத்துக் கும்பல்கள் பிள்ளைகளைக் கொண்டு தொலைவிலுள்ள சிறு ஊர்களுக்குப் போதைப்பொருள் அனுப்பும் முறை 'கவுண்டி லைன்ஸ்' எனப்படுகிறது. புதிய கைபேசி, விலையுயர்ந்த காலணி, தெரியாத ஊருக்கான ரயில் டிக்கெட், காரணம் சொல்லாமல் இரவில் காணாமல் போவது போன்றவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அப்படிச் சிக்கிய பிள்ளை சுரண்டப்படும் குழந்தை என்ற பார்வை இப்போது சட்டத்துறையிலும் வலுத்திருக்கிறது. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மறைக்கும் மாதங்கள்தான் கும்பலுக்கு வேண்டிய அவகாசம். கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவை அழையுங்கள்.

கவுன்சில் என்னை ரகசியமாகக் கண்காணிக்க முடியுமா?

2008இல் பூல் நகரக் கவுன்சில், பள்ளிச் சேர்க்கைக்காகப் பொய் முகவரி கொடுத்தார்களா என்று அறிய ஒரு குடும்பத்தை மூன்று வார அளவில் பின்தொடர்ந்தது. அது சட்டவிரோதம் என்று 2010இல் தீர்ப்பாயம் கூறியது. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், மறைமுகக் கண்காணிப்புக்குக் கவுன்சில் மாஜிஸ்திரேட்டின் அனுமதி பெற வேண்டும். அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறையோ அதற்கு மேலோ உள்ள குற்றமாகவோ, சிறுவர்க்கு மது, புகையிலை விற்பது போன்றதாகவோ இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்யாத கவுன்சிலை யார் கேட்பது?

2006ஆம் ஆண்டின் காவல் மற்றும் நீதிச் சட்டப்படி, சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பின் வேலையை ஆராயும் கவுன்சிலர் குழு ஒன்று ஒவ்வொரு கவுன்சிலிலும் இருக்க வேண்டும். அதன் கூட்டங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவை. காவல்துறையைப் பொறுத்தவரை லண்டனில் மேயரின் அலுவலகமும், வெளியே பல பகுதிகளில் 2012 முதல் தேர்ந்தெடுக்கப்படும் ஆணையரும் மேற்பார்வை செய்கிறார்கள். உங்களுக்கு மிக அருகில் இருப்பவர் வார்டு கவுன்சிலர். அவர் மக்களைச் சந்திக்கும் நாளும் இடமும் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும். குறிப்பு எண்களோடும் எழுதி வைத்த நாட்குறிப்போடும் போங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. பெயரைச் சொல்லவும் பயம். என்ன செய்யலாம்?

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கவுன்சிலும் காவல்துறையும் தொலைபேசி வழியே தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தர முடியும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தவிருங்கள். குடும்ப விவகாரங்களில் அது அவர்களுக்குப் பெரும் சுமை. அவசரமில்லாத குற்றத்துக்குக் காவல்துறையின் எண் 101. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் காவல்துறையைச் சாராத கிரைம்ஸ்டாப்பர்ஸ் தொண்டு நிறுவனத்தை 0800 555 111இல் அழைக்கலாம். அவர்கள் பெயர் கேட்பதுமில்லை, அழைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவதுமில்லை. கவுன்சிலிடம் பெயரோடு புகார் செய்தாலும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் எதிர்த் தரப்பிடம் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று முதல் அழைப்பிலேயே கேட்டுக்கொண்டு, அதைக் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள்.